நான்கு நாட்டுச் செலவு

“போறதுக்கு எல்லாம் எழுதியிருக்க. வர்றதுக்கு?” என்று கேட்டார் மருதமுத்து.

கருணாகரன் அப்பாவிடமிருந்து தாளை வாங்கி மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தான். மூன்று வாரமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதி, கடைசியில் நல்ல தாளில் மையால் பிரதி எடுத்து வைத்திருந்த கணக்கு. தம்பின் ஸ்டேஷனிலிருந்து ரயில், எல்லை தாண்டி பேங்காக், அங்கிருந்து கம்போடியா, கம்போடியாவிலிருந்து பஸ்ஸில் சைகோன், பிறகு மேக்கோங் ஆற்றைப் பிடித்துக்கொண்டு லாவோஸ். மூன்றாம் வகுப்பு டிக்கெட், விசாவுக்குக் கட்டும் பணம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று இழுத்துப் பிடித்த சாப்பாட்டுச் செலவு, வயிறு கெட்டால் மருந்து, சவரத்துக்கு பிளேடு. ஆமாம், பிளேடுகூட இருந்தது. லாவோஸிலிருந்து மலாக்கா காஜா பெராங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வருகிற செலவுதான் இல்லை. ஐந்து வருடம் பொதுப்பணி ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்து, ஒரு பெட்டி ஆணி குறைந்தால்கூட மோப்பம் பிடித்துச் சொன்ன ஆள். அந்த ஆளுடைய சொந்தக் கணக்கு, போனவன் போனவன்தான் என்று முடிந்திருந்தது.

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா கமலவேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அங்கயே ஒரு பொண்ணப் பாத்து இருந்துக்கலாம்னு நெனச்சிருப்பான்,” என்றாள். மருதமுத்து சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்க ஒரு காரணம் போதாது. இரண்டு மூன்றாவது வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி வேலைக்குப் போய்விட்டார். சாலை போடும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவர். சூரியன் வருவதற்கு முன்னால் அவர் போய் நிற்காவிட்டால் தார் கொதிக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அந்தச் சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மணி கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து மணிக்குப் பதில் அவர் தொண்டைதான். “ஓரம், ஓரம்” என்று காலையில் ஒரு குரல் தெருவைக் கடந்து போனால், பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புவார்கள். தையல்காரர் தேவதாஸ் ஒருமுறை மனசு கேட்காமல் புது மணி ஒன்று வாங்கி வந்து, தன் கையாலேயே பூட்டியும் விட்டார். மறுநாள் அந்த மணி துடைத்து, காகிதத்தில் சுற்றி, தேவதாஸ் கடைப் படியில் வைக்கப்பட்டிருந்தது. வாய் இருக்கும்போது மணி எதற்கு என்றாராம். மருதமுத்து அப்படிப்பட்ட மனிதர்.

கருணாகரனுக்கு இந்தப் பயணப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், ஒரு ஹாலந்து நாட்டுப் பையனைத்தான் கைகாட்ட வேண்டும். போன வருடம் முதுகில் ஒரு பெரிய பையோடு மலாக்காவுக்குள் வந்து, தன் பாட்டன் பூட்டன் கட்டிய சிவப்புக் கட்டடத்துக்கு இவனிடம்தான் வழி கேட்டான். கருணாகரன் அவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான். அந்த ஒரு கோப்பிக்கு அவன் ஒரு மத்தியானம் பூராவும் பேசினான். கல்கத்தாவிலிருந்து பேங்காக் வரை சரக்குக் கப்பல், மற்றதெல்லாம் தரை வழி. சயாமில் புத்தர் கோயிலில் படுக்க இடம் கொடுப்பார்கள், பேங்காக்கில் சீக்கியர் கோயிலில் ரொட்டியும் பருப்பும் போடுவார்கள், பசித்த முகத்தைப் பார்த்தால் எந்த நாட்டிலும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று சொன்னான். போகும்போது, கம்போடியாவின் பெரிய கோயில் உன் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, நீ இன்னும் போகவில்லையா என்று ஒரு கேள்வி கேட்டான். அவன் போய்விட்டான். அந்தக் கேள்வி போகவில்லை.

இப்போது விட்டால் பிறகு இல்லை என்பதும் உண்மை. ஜனவரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும். அதற்காக ஸ்டோர் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. தீபாவளி முடிந்ததும் கிளம்பினால் வருடக் கடைசிக்குள் திரும்பிவிடலாம். அதன் பிறகு வாத்தியார் வேலை, கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். கம்போடியாவைப் பூகோளப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவதோடு சரி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புது நாட்டின் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்திருந்தது. மருதமுத்து அதை வாங்கும்முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். எல்லாப் பக்கமும் காலியாகத்தான் இருந்தது. “நான் வந்தப்ப எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்துச்சு. அதையும் கப்பல்லயே வாங்கிக்கிட்டான்,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் அப்போது ஒரு பெருமை இருந்ததைக் கருணாகரன் கவனித்தான். போக வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னது வேறு. யாரிடமும் கை நீட்டாமல் போவதென்றால் போ. கடனும் வேண்டாம், உதவியும் வேண்டாம். அவ்வளவுதான் அவர் வைத்த சட்டம். அவர் பங்குக்குக் கொடுத்த பணம் கணக்கில் முதல் வரியிலேயே இருந்தது. கமலவேணி சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் வீட்டில் வழித்து எடுத்தாலும் ஒன்றும் தேறாது. திரும்பி வருகிற செலவுக்கு நூறு வெள்ளியாவது வேண்டும். வேலையை விட்டவனுக்கு அதை எந்தச் சாமி கொண்டு வந்து கொடுக்கும்?

மருதமுத்துவின் இந்தக் குணம் ஊருக்கே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், மூத்தவள் ருக்மணி சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒருவரிடம் போய் மரவள்ளிக் கிழங்குக்குக் கை நீட்டினாராம். கொடுத்தவர் அந்தக் கிழங்கைப் பற்றி நாலு வருடம் தெருவில் பேசினாராம். அதற்குப் பிறகு அந்தக் கை நீளவே இல்லை என்று கமலவேணி சொல்வாள். ஆனால் கொடுப்பதற்கு நீளும். காஜா பெராங்கில் அவர் மொய் எழுதாத கல்யாணம் கிடையாது. இருக்கிறதோ இல்லையோ, வெற்றிலைக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார். ருக்மணியின் கல்யாணத்தன்று, அத்தனை பேரும் திருப்பிச் செய்யலாம் என்று பணத்தோடு வந்து பார்த்தால், வாசலில் ஒரு பலகை. ‘மொய் வேண்டாம்’. அன்புடன் என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. வயிறு முட்டச் சாப்பாடு போட்டு அனுப்பினார். வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு, கொண்டு வந்த காசைத் திரும்பக் கொண்டு போனார்கள். அது நடந்து ஆறு வருடம். ஊரார் அதை மறந்துவிட்டார்கள் என்றுதான் கருணாகரன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் கணக்குத் தாளைக் கசக்காமல் மடித்து வைத்த அந்த வாரத்தில்தான் கிரிம் ஆரம்பித்தது. பயணம் போகிறவன் கையில் காசைக் கொடுத்து, அங்கே அது கிடைக்கும் வாங்கி வா, இங்கே இது கிடைக்கும் வாங்கி வா என்று சொல்லிவிடுவதற்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கிரிம். காஜா பெராங்கில் தமிழர், சீனர், தலைமுறைகளாய் மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் எல்லோர் வாயிலும் அதே சொல்தான். பினாங்குக்குப் போகிறவனையே விட மாட்டார்கள். நாலு நாடு போகிறவனை விட்டுவிடுவார்களா என்ன?

முதலில் வந்தவர் முகைதீன் பாய். முச்சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையை விட்டு இறங்கி இன்னொருவர் வாசலில் வந்து நிற்கும் பழக்கமே இல்லாத மனிதர், அன்று சாயங்காலம் வந்து நின்றார். மருதமுத்து சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கருணாகரனைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்.

“தம்பி, பேங்காக்குல நல்ல பித்தளைத் தராசு விக்குதாம். எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா. கெடைக்கலேன்னாலும் பரவால்ல, காசு ஒங்கையிலயே இருக்கட்டும். வழியில செலவு பண்ணிக்க. வந்து பாத்துக்கலாம்.”

கருணாகரனுக்கு ஆச்சரியம். பாயிடம் தராசு இருக்கிறது. போன வருடம்தான் புதிதாக வாங்கினார். ஒருவேளை இரண்டாவது கடை போடுகிறாரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டான். மருதமுத்து தலையைத் தூக்கவில்லை. சங்கிலி அன்றைக்கு அளவுக்கு மீறி எண்ணெய் குடித்தது.

மறுநாள் தையல்காரர் தேவதாஸ். சைகோனில் பிரெஞ்சுக்காரன் கத்தரிக்கோல் கிடைக்குமாம், எவ்வளவு தடித்த துணியானாலும் வெண்ணெய் மாதிரி போகுமாம். அதற்கடுத்து, ருக்மணியும் கருணாகரனும் பிறந்தபோது பிரசவம் பார்த்த சாரதாம்பாள். கம்போடியாப் பட்டு ஒரு துண்டு, என்ன நிறமானாலும் சரி. எதிர்ச் சந்தில் இருக்கும் செட்டி வீட்டம்மாள் மலாய் மொழியில், ஏதாவது ஒன்று, சின்னதாக, எந்த ஊராக இருந்தாலும் சரி என்று சொல்லி, அவனுடைய உள்ளங்கையில் காசை வைத்து விரல்களை மூடிவிட்டாள். கடைசியில் அஞ்சலை வந்தாள். காலையில் முச்சந்தியில் கூடை வைத்து இடியாப்பம் விற்கிறவள். புருஷன் இல்லாமல் ஒரு பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அவளுக்கு லாவோஸிலிருந்து ஒரு இடியாப்ப உரல் வேண்டுமாம்.

“லாவோஸ்ல இடியாப்பம் உண்டா அத்தை?” என்று கேட்டான்.

“ஏன், அங்க மனுசங்க இல்லியா?” என்றாள் அஞ்சலை.

ஆளாளுக்குக் கேட்ட சாமான் வேறு வேறு. முடிவில் சொன்ன வார்த்தை மட்டும் ஒன்றுதான். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கையில் வைத்துச் செலவு பண்ணிக்கொள், வந்து பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது எங்கோ ஒரு இடத்தில் தயாரானது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கருணாகரனுக்குத் தெரியவில்லை. கிராணி மூளை அப்படி. சாமான் என்று சொன்னால் அதற்குச் சாமான்தான் தெரியும், எடை எவ்வளவு, எங்கே வைப்பது என்றுதான் ஓடும். பணத்தை ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டு மூடினான். அது அடுத்தவர் பணம், ஒரு காசு தொடக்கூடாது. பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய முதுகுப்பை ஒன்றை வாங்கி வைத்திருந்தான். தராசும் உரலும் வந்தால் தூக்க முடியுமா என்று பார்க்க, அம்மாவின் அம்மிக் குழவியையும் இரண்டு செங்கல்லையும் உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு புக்கிட் பாரு என்ற பக்கத்து ஊர் வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். வந்து சட்டையைக் கழற்றினால் தோள் இரண்டும் சிவந்து கன்றிப் போயிருந்தன. கமலவேணி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.

தீபாவளி வந்தது, போனது. கிளம்ப இன்னும் சில நாளே இருந்த நிலையில், கணக்கு இன்னும் லாவோஸிலேயே நின்றுகொண்டிருந்தது. கருணாகரன் ஒரு காலையில் பென்சிலோடு உட்கார்ந்து நாடுகளை வெட்ட ஆரம்பித்தான். லாவோஸை வெட்டினால் திரும்பி வரக் காசு மிஞ்சும். ஆனால் அஞ்சலையின் உரல்? சைகோனை வெட்டலாம். தேவதாஸ் கத்தரிக்கோலுக்கு என்ன சொல்வது? கம்போடியாவையே வெட்டிவிட்டால் பயணமே எதற்கு, போதாததற்குச் சாரதாம்பாளின் பட்டு வேறு. பேங்காக்கோடு திரும்பலாம் என்றால் அதற்குத் தராசு மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். எந்த நாட்டைத் தொட்டாலும் அதன் மேல் யாரோ ஒருவர் கிரிம் சொல்லி உட்கார்ந்திருந்தார்கள். வேண்டிய பணம் வீட்டிலேயே டின்னுக்குள் இருக்கிறது, அதில் ஒரு காசுகூடத் தனதில்லை. சாமான் வாங்கவென்று வாங்கிய காசில் டிக்கெட் எடுத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றால், மருதமுத்து மகன் அடுத்தவன் காசைத் தின்றான் என்று ஆகும். பென்சிலைக் கீழே வைத்தான். போகவில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். அழுகை வரவில்லை. நெஞ்சில் அம்மிக் குழவியை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டின்னை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் காசையும் அவரவரிடம் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினான்.

முதலில் அஞ்சலை வீடு. வியாபாரம் முடிந்து வந்து, பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் டின்னைத் திறந்து, அவளுடைய காசை எடுத்துப் பக்கத்துக் கல்லின்மேல் வைத்தான்.

“என்னடா இது?”

“கிரிம் காசு அத்தை. நான் போகல. திரும்பி வர்ற செலவுக்குப் பத்தல.”

அஞ்சலை கையிலிருந்த தட்டை நிதானமாகக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தில் அவள் முகம் சிவந்ததை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

“பத்தலேன்னுதானடா குடுத்தோம். லாவோஸ்ல இடியாப்ப உரல் விக்குதுன்னு நெசமாவே நம்புனியா நீ? அஞ்சு வருசம் கிராணி வேல பாத்தவன்தானே?”

அஞ்சலைக்கு ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவன் அம்மா ஒருநாள் காலையில் இடியாப்பம் வாங்க வந்த இடத்தில், திரும்பி வர்றதுக்கு எழுத மறந்துட்டானாம் என்று சிரித்துச் சொல்லி, சொல்லும்போதே கண் கலங்கிவிட்டதாம். அன்றைக்கே அஞ்சலை கூடையை மூடிவிட்டு முகைதீன் பாய் கடைக்குப் போனாளாம். உதவி என்று போனால் மருதமுத்து திருப்பி அனுப்பிவிடுவார், கடன் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார், என்ன செய்யலாம் என்று கேட்டாளாம். பாய் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த தராசைப் பார்த்துவிட்டு, கிரிம் என்று ஒரே வார்த்தை சொன்னாராம். அதற்குப் பிறகு யார் எந்த நாடு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். மற்ற நாட்டையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் அவளுக்கு லாவோஸ் வந்ததாம். அப்படி ஒரு ஊர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

“எம் மக கல்யாணத்துல உங்கப்பா வெச்ச மொய்லதான்டா அன்னைக்கு அரிசி வந்து எறங்குச்சு,” என்றாள். “உங்க ருக்மணி கல்யாணத்துக்கு நான் ஒரு வருசம் சேத்துக் கொண்டு போனேன். வாசல்ல பலகைய மாட்டி வெச்சிருந்தாரு. அந்தக் காச முந்தானையில முடிஞ்சுக்கிட்டே திரும்பி நடந்து வந்தேன். குடுக்கறவரு பெரிய மனுசன், சரி. வாங்குனவங்க திருப்பிக் குடுக்க முடியாம வாழ்நாள் பூரா தலையக் குனிஞ்சுகிட்டே இருக்கணுமா? அவர ஒருநாளாவது நெனச்சுப் பாக்கச் சொல்லு.”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருணாகரன் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். வீட்டு வாசலில் கூச்சத்தோடு நின்ற பாய், கத்தரிக்கோலைப் பற்றி அவ்வளவு நேரம் பொய் சொல்லி வியர்த்துப் போன தேவதாஸ், விரல்களை மூடிவிட்டுப் போன செட்டி வீட்டம்மாள். இத்தனை பேருக்குத் தான் என்ன செய்துவிட்டோம்? ஒன்றும் செய்யவில்லை. யாரோ செய்தது, சுற்றிக்கொண்டு வந்து தன் தோளில் விழுகிறது. பசித்த முகத்துக்கு எந்த நாட்டிலும் கதவு திறக்கும் என்று அந்த ஹாலந்துப் பையன் சொன்னானே, அந்த நாடுகளில் ஒன்றாகத் தன் தெருவையும் அவன் எண்ணியிருப்பானோ என்று தோன்றியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்காமல் நின்றான்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?” என்றான்.

“பாய் தராசு கேட்டப்ப அவரு எங்க இருந்தாரு?” என்று கேட்டாள் அஞ்சலை. குரல் இப்போது தணிந்திருந்தது. கல்லின் மேலிருந்த காசை எடுத்து, ஈரம் படாமல் டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள். “இங்க பாரு. திரும்பி வருவான்னு தெரிஞ்சவன்கிட்டதான் கிரிம் சொல்லுவாங்க. போய்ட்டு வா.”

அவன் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. டின்னை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மருதமுத்து வேலையிலிருந்து வந்து, வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பட்டாளத்துப் பை. தோளில் மாட்டும் வார் மெலிதாக இருக்கிறது, அறுத்துவிடும் என்று, பழைய தோல் துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்துக் கொத்தூசியால் தைத்துக்கொண்டிருந்தார். கருணாகரன் டின்னை அவர் எதிரில் வைத்தான். அஞ்சலை சொன்னதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் பாதியைச் சொன்னான். முந்தானையில் காசை முடிந்துகொண்டு திரும்பி நடந்தாள் என்பதை மட்டும் சொன்னான்.

மருதமுத்துவின் கை நின்றது. ஊசி பாதித் தோலில் நின்றுகொண்டிருந்தது. அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. டின்னைத் தூக்கி எறிவாரோ, ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வா என்பாரோ என்று கருணாகரன் காத்து நின்றான். உள்ளே கமலவேணியின் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

“தராசு கனம்,” என்றார் மருதமுத்து. ஊசியை இழுத்தார். “போறப்பவே வாங்கிச் சொமக்காத. வர்றப்ப வாங்கு.”

“சரிப்பா.”

“அது வரைக்கும் காசு சும்மாதான் கெடக்கும்,” என்றார். அடுத்த தையலைப் போட்டார். நல்ல கெட்டித் தையல். நாலு நாடு என்ன, நாற்பது நாடு தாங்கும்.

கிளம்புகிற காலையில் பஸ் நிலையத்துக்குப் பாதித் தெரு வந்துவிட்டது. மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து, ரயில் ஏற வேண்டுமென்றால் தம்பினுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அஞ்சலை இடியாப்பப் பொட்டலமும் தேங்காய்ப்பூவும் கொண்டு வந்திருந்தாள். தேவதாஸ் அவனுடைய கால்சட்டையின் உள்பக்கம் காசு வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தார். முகைதீன் பாய் கடையைத் திறக்காமல் வந்து, சைகோனில் தன் சொந்தக்காரர் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார், பெயரைச் சொன்னால் சோறு போடுவார் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குத் தாளைக் கருணாகரன் மறுபடி எழுதியிருந்தான். கடைசி வரி, ‘லாவோஸிலிருந்து வீட்டுக்கு’.

மருதமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். பஸ் எஞ்சின் உறுமியதும் கிட்டே வந்தார். காலில் விழுந்து எழுந்த மகனின் தோளைத் தொட்டு, வாரைச் சரிசெய்தார். பிறகும் போகாமல் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா,” என்றார்.

கமலவேணி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த மரவள்ளிக் கிழங்குக்குப் பிறகு அவர் யாரிடமும் இப்படி ஒன்று கேட்டு அவள் கேட்டதில்லை. என்ன வேண்டும் என்று கருணாகரன் கேட்கவில்லை. கேட்டால் அவர் பின்வாங்கிவிடுவார் என்று பயந்தான். மருதமுத்துவுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே? தன் செருப்பைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், தேவதாஸின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் திருப்பினார். கடைசியில் கையில் பிடித்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

“இதுக்கு ஒரு மணி. எந்த ஊரு மணியானாலும் சரி.”

சொல்லிவிட்டு, பழக்கத்தில் அவர் கை சட்டைப் பைக்குள் போனது. உள்ளே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுமனே வெளியே வந்தது.

“காசு நீயே போட்டுக்க,” என்றார்.

தேவதாஸ் மூக்கைச் சிந்துவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கருணாகரன் சரி என்று தலையை ஆட்டினான். வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா கை காட்டிக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

பஸ் வளைந்து பெரிய சாலைக்கு வந்தபோது, முன்னால் மருதமுத்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், வேலைக்கு. சந்தைக் கூடையோடு இரண்டு பெண்கள் வழியை அடைத்துக்கொண்டு பேசியபடி நடந்துகொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தவர், ஏனோ கூப்பிடவில்லை. பஸ் அவரைத் தாண்டும்போது கருணாகரன் எட்டிப் பார்த்தான். கைப்பிடியில், மணி இருக்க வேண்டிய வெற்றிடத்தில், அவருடைய கட்டைவிரல் ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்த்தது.